பூ மயக்கம்

காஷ்மீர் மலையில், காட்சர் ஏரிக்கரைப் பூக்களுக்குள் இறங்குவதற்கு முன்னால் குதிரைக்காரன் ஜும்மா கட்டானா தலைப்பாகையின் நுனியை இழுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். கடைவாயில் ஒரு பூண்டுப் பல்லை ஒதுக்கினான். இன்னொன்றைக் கல்லில் வைத்து நசுக்கி, எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கிற லாக்கி என்ற கறுப்புக் குதிரையின் மூக்கில் தேய்த்தான். லாக்கி தும்மித் தலையை உதறியது. பின்னால் சுமையோடு நின்ற குதிரைகளுக்கும் அதே மரியாதை நடந்தது.

அவனுடைய அப்பன் செய்தது இது. ஆட்டை ஓட்டிக்கொண்டு மலையேறுகிற பக்கர்வால்களும் இதையேதான் செய்கிறார்கள். கோடை முற்றும்போது காட்சர் கரையில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூ முழங்காலுக்கு மேல் நிற்கும். அந்த வாசம் தலைக்கேறினால் கால் பின்னும், வாய் குழறும், உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். பூ மயக்கம். அதற்கு ஒரே வைத்தியம், மயங்கினவனைக் குதிரையில் தூக்கிப் போட்டு, பூ முளைக்காத கல்லு மேட்டுக்கு ஏற்றிவிடுவதுதான். வெறும் கல்லைக் கண்டதும் புத்தி திரும்பிவிடும்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் தன்வீர் கேலியை ஆரம்பிப்பான். "என்ன ஜும்மா பாயி, நிக்காஹ் பொண்ணு மாதிரி மூடிக்கிட்டீங்க? மாப்பிள்ளை எங்க, லாக்கியா?" என்பான். வருஷா வருஷம் ஒரே கேலி. வருஷா வருஷம் ஜும்மாவும், "நீ மயங்கி விழு, அப்ப நான் சிரிக்கிறேன்" என்பான்.

இன்றைக்குக் கேலி வரவில்லை.

தன்வீர் ராதர் இந்தக் கூட்டத்தின் வழிகாட்டி. புனேவிலிருந்து வந்த ஏழெட்டுப் பேரை ஏரி ஏரியாகக் காட்டி, மறுபக்கம் நாராநாக்கில் பத்திரமாக இறக்கிவிட வேண்டியது அவன் பொறுப்பு. முதலில் வந்த வழிகாட்டிக்குக் கணுக்கால் பிசகிவிட்டதால், அக்கா மகள் கல்யாணப் பந்தலில் இருந்தவனைக் கம்பெனிக்காரர்கள் போன் போட்டு எழுப்பி அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் தங்கித் தங்கி ஏறின வழியை அவன் ஒரே மூச்சில் ஏறி, விஷன்சர் ஏரியில் வந்து சேர்ந்துகொண்டான். நெஞ்சில் சளி. இந்தக் கோடையில் மலைக்கு அவன் வருவதே இதுதான் முதல் தடவை.

இப்போது அவன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன லீடர் சாப், கயிறு அறுந்துடுச்சா?" என்றான் ஜும்மா.

தன்வீர் நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஏரியைப் பார்த்தான். "இதை யாரு இந்தப் பக்கம் நகத்துனது?"

"எதை?"

"ஏரிய. இது வலது பக்கம்ல இருக்கணும்?"

ஜும்மா சிரித்தான். சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு தடவை ஏரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அது எப்போதும் இருக்கிற பக்கத்தில்தான் இருந்தது. தன்வீர் சிரிக்கவில்லை. எழுந்து, பூக்களுக்குள் இறங்கி, ஓரமாக ஓரமாக விலகி நடந்தான். நேர்ப்பாதை போட்டிருக்கும்போது எதற்கு இவன் இப்படிச் சாய்ந்து நடக்கிறான் என்று ஜும்மாவுக்கு விளங்கவில்லை. மூக்கில் துணி கட்டச் சொன்னால் கேட்டானா என்று மட்டும் நினைத்தான்.

ஏரியைத் தாண்டி ஓடைக்கரையில் கூடாரம் அடித்தார்கள். சாயங்காலம் ஆனதும் தன்வீர் கயிற்றை எடுத்தான்.

இந்தக் கயிறு விஷயம் குதிரைக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை. தினமும் கூடாரம் அடித்தபின் தன்வீர் ஒரு கயிற்றைப் புல்மேல் நேராகப் போடுவான். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு காலின் குதிங்காலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து, கயிற்றின்மேல் நடந்து காட்ட வேண்டும். உயரம் தலைக்குள் புகுந்துவிட்டால் கால் கயிற்றில் நிற்காதாம். "கயிறைவிட்டு விலகினா கீழ இறங்கணும். கவர்னரா இருந்தாலும் கீழதான்" என்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டில்லியிலிருந்து வந்த ஒரு பெரிய ஆபீசரை, அவர் கத்தின கத்தலையும் கேட்டுக்கொண்டு, கீழே இறக்கினவன்தான் இவன். அந்த வியாதி கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு. மலையில் பிறந்தவனுக்கு அது எங்கே வரப்போகிறது? ஜும்மா அதை சர்க்கஸ் என்பான்.

அன்றைக்கு நேத்ரா மேடம் முதலில் நடந்தாள். புனேவில் பல் டாக்டர். ஒல்லி, கட்டைக்குரல், எதையும் நேராகக் கேட்கிறவள். நடந்து முடித்தாள்.

"சரி, மேடம், நீங்க வாங்க" என்றான் தன்வீர்.

"இப்பத்தானே நடந்தேன்?"

"ஆமா ஆமா. நடங்க."

மறுபடி நடந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தன்வீர் தலையை ஆட்டிவிட்டு, "யாரு மேடம் முதல்ல?" என்றான். இந்தத் தடவை சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. ஜும்மா குதிரைக்குக் கால்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நிமிர்ந்தான்.

சமையல் கூடாரத்துக்குள் ஹப்லா சாச்சா கத்தினது அப்புறம். ஹபீபுல்லா என்று பெயர். ஊரே ஹப்லா என்றுதான் கூப்பிடும். அறுபது தாண்டிய சமையல்காரர். ராஜ்மா கொதித்து இறங்கி ஆறிக்கொண்டிருந்த பாத்திரத்துக்குள் தன்வீர் இரண்டு கையையும் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அட பாவி! உன் கல்யாணச் சோறாடா இது? கைய எடு!"

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கு சாச்சா" என்றான் தன்வீர். கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காதவன் மாதிரி வெளியே போய்விட்டான்.

ஹப்லா பாத்திரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணத்துல எதையாவது குடிச்சுட்டு வந்துட்டானா?"

"அவன் அதையெல்லாம் தொடமாட்டானே சாச்சா."

"வாய மோந்து பாத்தியா?"

"பாத்தேன். இருமல் மருந்து வாசனைதான் வருது."

"அப்ப என்ன எழவு இது?"

ஜும்மா மூக்குத் துணியைக் காட்டினான். "பூதான். கரையோரமாவே நடந்தான். சொன்னாக் கேக்கல."

ஹப்லா காஷ்மீரி. ஜும்மா மாதிரிக் குஜ்ஜர்கள் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவர். ஆனால் இப்போது அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி உன் மச்சினனுக்கு இப்படித்தானே ஆச்சு?"

"அதேதான். ஷக்கர் தீன். இதே கரையில. அம்மான்னு என்னைக் கூப்பிட்டான். தூக்கிக் குதிரையில போட்டு, மேல கல்லுக்கு ஏத்தி, கணவாயத் தாண்டினோம். அந்தப் பக்கம் கங்காபல் ஏரி தெரிஞ்சதும், மாமா பசிக்குதுன்னான்."

"அப்ப இவனையும் காலைல ஏத்திடு."

"ஏத்திடலாம்."

ஒரு வேலை முடிவான நிம்மதி இருவருக்கும் வந்தது. ஹப்லா ராஜ்மாவை ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதை என்ன பண்றது?"

"நாம சாப்பிடுவோம். அவங்களுக்கு வேற பண்ணுங்க."

காலையில் தன்வீர் தன் கூடாரத்துக்கு வெளியே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். இடது கால் காலணி வலது காலில் இருந்தது. தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் கிளம்பு, மணியாச்சு" என்றான். விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. புனேக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் பல் விளக்கவில்லை.

நேத்ரா ஜும்மாவைத் தேடி வந்தாள். "ஜும்மா பாயி, தன்வீருக்கு என்ன?"

"பூ மயக்கம் மேடம். இங்க நடக்கிறதுதான். மேல சத்சர்ல எல்லாம் கல்லு. அங்க போனா சரியாயிடும்."

"மேலயா?"

"மேலதான். பூவுக்கு வெளிய போகணும்ல?"

அவள் யோசித்தாள். "வாந்தி, தலைவலி, காலு தடுமாறுது. இதெல்லாம் வந்தா கீழ போகணும்னு அவர்தானே நமக்குச் சொன்னாரு?"

"அது உங்க வியாதி மேடம். இது எங்க வியாதி."

"ரெண்டும் வேற வேறயா?"

ஜும்மாவுக்குக் கோபம் வந்தது. "நீங்க டாக்டர்தானே? நீங்க சொல்லுங்க."

"நான் பல்லு டாக்டர். பல்லுன்னா சொல்லுவேன். தலைக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு அவர் ஒருத்தர்தான்."

இருவரும் தெரிந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் கூடாரத்தின் முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கினதையே திரும்பவும் அடித்தான். மறுபடி பிடுங்கினான்.

போனில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. இந்தப் பள்ளத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. கடைசியில் ஜும்மா சொன்னபடிதான் நடந்தது. லாக்கியின் சுமையை மற்றக் குதிரைகளுக்குப் பிரித்துக் கட்டி, சேணத்தின்மேல் கம்பளி போட்டு, தன்வீரை ஏற்றினான். ஏற மாட்டேன் என்று அவன் அடம்பிடித்தான். "லீடர் நடந்துதான் வரணும்" என்றான். ஏறினதும் ஜும்மாவின் தோளைத் தட்டி, "மோத்தி நல்ல குதிரை. இவன் காலு வைக்கிற இடம் தப்பாது" என்றான்.

மோத்தி போன வருஷம் கல் சரிந்து பள்ளத்தில் விழுந்து செத்துப்போன குதிரை. அதன் சேணத்துத் தோல்வார்களை அறுத்து எடுக்க இறங்கினபோது ஜும்மாவுக்குத் துணையாகக் கயிறு பிடித்தவன் தன்வீர்தான்.

"மோத்தி இல்ல தன்வீரு. லாக்கி."

"எனக்குத் தெரியாதா?" என்றான் தன்வீர்.

ஏறினார்கள். பூக்கள் குறைந்துகொண்டே வந்தன. முதலில் முழங்கால் உயரம், பிறகு கணுக்கால், பிறகு கல்லிடுக்கில் எங்கோ ஒன்று. அப்புறம் கல் மட்டுமே. சத்சருக்குப் போகிற வழி முழுக்க வீட்டளவுக்கு உருண்டு கிடக்கிற பாறைகள். ஒவ்வொரு வளைவிலும் ஜும்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான், தன்வீர் முகத்தில் தெளிவு வருகிறதா என்று. ஷக்கர் தீனுக்கு எந்த இடத்தில் வந்தது? இந்தப் பாறைகிட்டயா? இல்லை, இன்னும் மேலேயா? அன்றைக்கு மழை. அவனும் கவனிக்கவில்லை.

பனிமூட்டம் ஏறி வந்தது. பின்னால் வந்தவர்களின் குரல் மட்டும் கேட்டது. முன்னால் பாதை தெரியவில்லை. ஜும்மா மூக்குத் துணியை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு காற்றை முகர்ந்தான். ஈரக் கல், குதிரைச் சாணம். ஒரு பூ வாசமும் இல்லை. சரி, இனி ஆகிவிடும்.

தன்வீர் சேணத்தில் சரிந்தான். ஜும்மா தோளைக் கொடுத்து நிமிர்த்தினான். திரும்பச் சரிந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணைத் திறக்கச் சொன்னால் திறந்தான், ஆனால் அந்தக் கண் ஜும்மாவைத் தாண்டி எதையோ பார்த்தது.

"தன்வீரு. நான் யாரு?"

வெகுநேரம் கழித்து, "குதிரைக்காரன்" என்றான்.

"பேரு?"

பதில் இல்லை.

ஜும்மா லாக்கியை நிறுத்தினான். அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை. பூ எங்கோ கீழே கிடக்கிறது. இங்கே கல்லைத் தவிர ஒரு மயிரும் இல்லை. புத்தி திரும்பியிருக்க வேண்டும். கீழே ராஜ்மாவில் கை கழுவினாலும் ஆளைத் தெரிந்தது, பேரைத் தெரிந்தது. மேலே ஏற ஏற ஒவ்வொன்றாகப் போகிறது. வாசம் உடம்புக்குள் போய்த் தங்கிவிட்டதா? இன்னும் ஏற வேண்டுமா? கணவாய் வரை ஏறினால் சரியாகிவிடுமா? இல்லை, அதுவரை இவன் தாங்குவானா? நாராநாக்குக்குக் காரை அனுப்பிவிட்டு இவன் பெண்டாட்டி வீட்டில் காத்திருப்பாள். அவளிடம் எதை இறக்கிக் கொடுப்பது?

பின்னால் ஹப்லாவும் நேத்ராவும் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் பாறைகள்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏறிடுவோம்டா. இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றார் ஹப்லா. அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஏன் செய்தோம் என்று ஜும்மாவுக்குப் பிற்பாடும் தெரியவில்லை. சுமைக்கயிற்றை அவிழ்த்தான். பாறைகளுக்கு நடுவில் கொஞ்சம் சமமான மணல் இருந்தது. அதில் நேராகப் போட்டான். தன்வீரைக் குதிரையிலிருந்து இறக்கிக் கயிற்றின் நுனியில் நிறுத்தினான்.

கயிற்றைக் கண்டதும் தன்வீரின் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. கை தானாகத் தூக்கிக்கொண்டது. "ஒவ்வொருத்தரா வாங்க" என்றான், தினமும் சாயங்காலம் சொல்கிற அதே குரலில். "குதிங்கால் விரலத் தொடணும். கண்ணு முன்னாடி. அவசரமில்ல."

"முதல்ல நீ நட" என்றான் ஜும்மா.

"நானா? சரி. காட்டுறேன், பாத்துக்கங்க."

ஒரு காலை வைத்தான். கயிற்றின்மேல் சரியாக வைத்தான். அடுத்த காலைத் தூக்கினான். அது கயிற்றைத் தேடிப் போய், கிடைக்காமல், ஒரு முழம் தள்ளி மணலில் இறங்கியது. நேத்ரா தாங்கப் போனாள். ஜும்மா கையால் தடுத்தான். தன்வீர் இன்னொரு காலை வைத்தான். அது மறுபக்கம் போனது. இடுப்பு வளைந்து, கை இரண்டும் காற்றைப் பிடித்தன.

அவன் குனிந்து, மணலில் கிடந்த தன் காலைப் பார்த்தான். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலத்தான் பார்த்தான்.

"விலகிட்டான்" என்றான்.

"யாரு?"

"இவன்." காலைச் சுட்டிக் காட்டினான். "இவன் மேல வரக்கூடாது. இவனைக் கீழ இறக்கு. ஜும்மா பாயிகிட்ட சொல்லு, குதிரை தரச் சொல்லு. கவர்னரா இருந்தாலும் கீழதான்."

சொல்லிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

லாக்கி கடிவாளத்தைக் கடித்தது.

"கீழன்னா எங்கடா கீழ?" என்றார் ஹப்லா. அதுதான் கேள்வி. முன்னால் போனால், இறங்குவதற்கு முன் கணவாய் ஏற வேண்டும். பின்னால் போனாலும் அப்படியே. ஏறாமல் இறங்கிக்கொண்டே போகிற வழி ஒன்றுதான். காட்சர் ஓடையோடு வடக்கே, எல்லையோரத்துத் துலைல் பக்கம். வீட்டுக்கு நேர் எதிர்த்திசை. கீழே ரோட்டில் சிப்பாய்கள் இருப்பார்கள், இந்தப் பக்கம் எதுக்கு வந்தே, காகிதம் எங்கே என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்த வழி முழுக்கப் பூ. காட்சர் கரையைவிட அதிகம்.

"திரும்பவும் பூவுக்குள்ளயா கொண்டு போறே?" ஹப்லா அவன் சட்டையைப் பிடித்தார். "மயங்கினவனை அதுக்குள்ளயே விட்டுக் கொல்லப் போறியா? உங்க ஆளுங்க யாராவது அப்படிச் செய்வாங்களாடா?"

"செய்ய மாட்டாங்க."

"அப்புறம்?"

"தெரியல சாச்சா. எனக்கு ஒண்ணும் தெரியல. கயிறைவிட்டு விலகினவனைக் கீழ இறக்குன்னு இவன் சொல்றான். மேல ஏத்துன்னு எங்கப்பன் சொன்னான். எங்கப்பன் சொன்னதைக் காலைலேர்ந்து செஞ்சு பாத்துட்டேன்."

நேத்ரா தன்வீரின் மருந்துப் பெட்டியைக் கல்மேல் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இது எனக்குத் தெரியும். பல்லு பிடுங்கினா வீக்கத்துக்குக் கொடுப்போம். தலை வீக்கத்துக்கும் கேக்குமான்னு... பெட்டியில வச்சிருக்காருன்னா அதுக்குத்தான் இருக்கணும்." இரண்டை அவன் வாயில் போட்டுத் தண்ணீர் விட்டாள். பாதி வெளியே வழிந்தது. மிச்சத்தை ஜும்மாவின் கையில் கொடுத்தாள். "மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முழுங்க வைக்கணும். துப்பினா திரும்பக் கொடுங்க."

மற்றவர்களையும் சுமைக்குதிரைகளையும் ஹப்லா பழைய கூடார இடத்துக்கே கூட்டிப் போய் வைத்திருப்பது என்று முடிவானது. தன்வீரைச் சேணத்தோடு சேர்த்துக் கம்பளியால் கட்டினான் ஜும்மா, ஆட்டுக்குட்டியைக் கட்டுவதுபோல. பிறகு வந்த வழியே திரும்பி இறங்கினான்.

பூக்கள் மறுபடி ஆரம்பித்த இடத்தில் அவன் நின்றான். தன் மூக்கில் துணியைக் கட்டினான். தன்வீரின் கழுத்துத் துண்டை உருவி அவன் மூக்கிலும் கட்டினான். லாக்கிக்குப் பூண்டு தேய்த்தான். பிறகு, "யா அல்லா, நான் பண்றது தப்புன்னா என்னைப் பிடி, இவனை விட்டுடு" என்று சொல்லிவிட்டு உள்ளே இறங்கினான்.

ஓடை பெருத்துக்கொண்டே வந்தது. பூவும்தான். சில இடங்களில் லாக்கியின் வயிறு வரை. ஜும்மா வேகமாக நடந்தான், மூச்சைச் சின்னச் சின்னதாக இழுத்துக்கொண்டு. தன்வீர் முனகினான். ஒரு தடவை மூக்குத் துணியைப் பிடுங்கி எறிந்தான். ஜும்மா எடுத்து வந்து மறுபடி கட்டினான். திரும்பவும் பிடுங்கினான். நாலாவது தடவை துணி ஓடையில் போய்விட்டது. இனி அவ்வளவுதான் என்று ஜும்மா நினைத்தான். வாசம் நேராக இவன் தலைக்குள் போகிறது, நானே கொண்டுவந்து ஊட்டுகிறேன். திரும்பிவிடலாமா? இரண்டு தடவை லாக்கியை நிறுத்தினான். இரண்டாவது தடவை அதன் முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பிக்கூட விட்டான். லாக்கி ஏற மாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது. களைத்த குதிரை, இறக்கம் கண்டதும் இறங்கத்தான் பார்க்கும். ஜும்மா அதோடு மல்லுக்கு நிற்கவில்லை.

மத்தியான மாத்திரையைத் தன்வீர் துப்பினான். ஜும்மா அவன் தாடையைப் பிடித்து, குதிரைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி நாக்கின் அடிவரை விரலை விட்டு இறக்கினான். தன்வீர் விரலைக் கடித்துவிட்டான். இரத்தம் வந்தது.

மரமே முளைக்காத உயரம் முடிந்து, முதல் பூர்ஜ மரம் வந்தது. வெள்ளைப் பட்டை உரிந்து தொங்கியது. அப்புறம் தோப்பாகவே வந்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பக்கர்வால்கள் விட்டுப்போன கல்குடிசை ஒன்றின் முன்னால் ஜும்மா நிறுத்தினான். கட்டை அவிழ்த்து, தன்வீரை மரத்தில் சாய்த்து உட்கார வைத்தான். சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டி, தேத்தண்ணிக் கெட்டிலை வைத்தான். கடிபட்ட விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே திரும்பினான்.

தன்வீர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை கண் ஜும்மாவைத் தாண்டிப் போகவில்லை.

"என் காலணிய எவன் மாத்திப் போட்டது?"

ஜும்மா வாயிலிருந்து விரலை எடுத்தான்.

"தலை உடையுது" என்றான் தன்வீர். சுற்றிலும் பார்த்தான். மரத்தைப் பார்த்தான், ஓடை போகிற திசையைப் பார்த்தான். "இது துலைல் பக்கமால்ல இருக்கு? ஜும்மா பாயி, உனக்குப் பைத்தியமா? ஆளுங்க எங்க? எல்லாரையும் அங்க விட்டுட்டு இங்க என்ன புடுங்கிட்டிருக்கே?"

ஜும்மா எழுந்து மரத்துக்குப் பின்னால் போனான். ஒன்றுக்கு இருந்தான். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நெற்றியை மரப்பட்டையில் வைத்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்து, உப்புத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். தன்வீர் இரண்டு கையாலும் வாங்கினான். கிண்ணம் வாய்க்குச் சரியாகப் போனது.

"நீதான் சொன்னே, இவனைக் கீழ இறக்குன்னு."

"யாரை?"

"உன்னை."

"நானா? எப்ப?"

ஜும்மா சொன்னான். ஏரி நகர்ந்தது, ராஜ்மா, மோத்தி, கயிறு. தன்வீர் ராஜ்மா வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான். கயிறு வந்த இடத்தில் திறந்தான். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றான். பிறகு, "மேலயாடா ஏத்துனே? சத்சருக்கா? என்னையா?"

"பூவுக்கு வெளிய கொண்டு போனேன்."

"பூவாவது, மண்ணாவது. இன்னும் கொஞ்சம் ஏத்தியிருந்தா என்னைக் கம்பளியில சுத்தித்தான் கொண்டு போயிருப்பே." இருமினான். இருமி முடிய நேரமானது. "உன் மச்சினனுக்கும் பூ இல்ல. கணவாய்க்கு அந்தப் பக்கம் நீங்க இறங்கினீங்கல்ல? இறங்கினதுலதான் சரியாச்சு. எத்தனை தடவை சொன்னேன், சிரிச்சீங்க."

"அது உங்க வியாதின்னு..."

"யாரு வியாதி?"

ஜும்மா அடுப்பைக் கிளறினான். ஷக்கர் தீன் அன்றைக்கு எந்த இடத்தில் கண் திறந்தான் என்று மறுபடி நினைத்துப் பார்த்தான். கல்லு மேட்டிலா, அதற்குக் கீழா? கங்காபல் தெரிந்தது என்றால் இறக்கத்தில்தான். ஆனால் எவ்வளவு இறக்கத்தில்? மேடத்தின் மாத்திரை வேறு இருக்கிறது. அப்பன் பொய் சொல்கிற ஆளில்லை. அப்பனும் கணவாயைத் தாண்டித்தானே எல்லாரையும் தூக்கிப் போனான்? எதை எதோடு வைப்பது என்று புரியவில்லை. சுற்றிலும் பூ நின்றது. மஞ்சள், ஊதா, பேர் தெரியாத வெள்ளை. காட்சரில் நின்றதைவிட அடர்த்தி. அதன் நடுவில் உட்கார்ந்து ஒருவன் தேநீர் குடித்துக்கொண்டு அவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் இறங்கணும்" என்றான் தன்வீர். "இது போதாது. ரோடு வரைக்கும் இறங்கணும். அந்தக் கயிறைப் போடு, பாக்கலாம்."

ஜும்மா போட்டான். தன்வீர் மரத்தைப் பிடித்து எழுந்தான். ஒரு கால், இன்னொரு கால், இன்னொன்று. அப்புறம் விலகியது. நின்று, காலைப் பார்த்து, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.

"விலகிட்டான்" என்றான் ஜும்மா.

"விலகிட்டேன். கட்டு, போலாம்."

ஜும்மா அவனைத் தூக்கிச் சேணத்தில் வைத்தான். சாயங்கால மாத்திரையைக் கொடுத்தான். இந்தத் தடவை தானாக விழுங்கினான். கம்பளியைச் சுற்றிக் கட்டும்போது தன்வீர் அவன் முகத்தையே பார்த்தான்.

"அந்தத் துணிய அவிழ்டா. பூ ஒண்ணும் பண்ணாதுன்னு இப்பத்தானே சொன்னேன்."

ஜும்மா கையை முகத்துக்குக் கொண்டு போனான். முடிச்சைத் தொட்டான். கொஞ்சம் யோசித்தான்.

"நாராநாக் போய் அவிழ்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பூண்டுப் பல்லை மறு கடைவாய்க்கு மாற்றிக்கொண்டு, லாக்கியின் கயிற்றைப் பிடித்து இறங்கத் தொடங்கினான்.